மழையைக் குறைக்கும் பொத்தான்

“...அதுக்காக மழைய ஒரேடியா நிப்பாட்டிடாதீங்க தம்பி, நான் என்ன சீக்காளியா? கொஞ்சம் நிதானமா வரட்டும், போதும். ஆனா நானே மாத்திக்கணும் லா. நீங்க யாரும் கிட்ட வந்து நின்னு தட்டிக் குடுக்கக் கூடாது. அங்க தோட்டத்து ஆளுங்க அத்தன பேரும் பாத்துக்கிட்டு இருப்பாங்க.”

இதைச் சொன்ன அக்கா எங்கள் மேசைமேல் தேநீரை வைத்துவிட்டு, காலித் தட்டோடு நின்றிருந்தார். எண்பதுகளின் நடுவில் மலேசியாவின் ஈப்போ நகரில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடை ஒன்றில் எனக்கு வேலை. எதிர்வரிசையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. அங்கே கோப்பை கழுவுவது அக்காவின் வேலை. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் எங்களுக்குத் தேநீர் கொண்டுவருவார். வைத்ததும் போய்விடமாட்டார். மேசையில் இருந்த டிவி முன்னால் நின்று, நாங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் சொன்ன மழை அந்த டிவிக்குள் பெய்த மழை.

டிவியோடு கம்பி பூட்டி ஆடுகிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று எங்களிடம் இருந்தது. யாரோ பழுதுபார்க்கக் கொடுத்து, திரும்ப வந்து கேட்காத சாமான். எங்கள் சீன முதலாளியைத் தவுக்கே என்போம். அவர் அதைத் தூக்கிப் பார்த்து, “இது சோறும் ஆக்காது, பாட்டும் பாடாது, நீயே வச்சுக்க” என்று மலாயில் சொல்லி என் பக்கம் தள்ளிவிட்டார். நான் சுங்காய்ப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். ரேடியோவைக் கழற்றிப் பார்த்துத்தான் ரேடியோ படித்தேன். இதையும் அப்படித்தான் படித்தேன். இன்னொரு படிப்பும் எனக்கு உண்டு, அது ஆட்கள் பேசுவதைக் கேட்பது. சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், நான் யார் என்ன சொன்னார்கள் என்று சேர்ப்பேன். தவுக்கே சொன்னதைப் பாருங்கள், சோறும் ஆக்காது, பாட்டும் பாடாது! ஒரு மனிதனையே அப்படிச் சொல்லிவிடலாம்.

விளையாட்டைச் செய்தவன் என் கூட்டாளி. பஸ் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் நேராக எங்கள் கடைக்கு வந்துவிடுவான். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அச்சடித்திருந்த நிரலை வரிவரியாகத் தட்டி ஏற்றி, ஒலிநாடாவில் பதிந்து வைத்தோம். அதில் இருந்தது ஒரு விண்வெளிக் கப்பல். மேலிருந்து கற்கள் விழும், கப்பல் ஒதுங்கி ஒதுங்கிப் போக வேண்டும். இரண்டு வாரத்தில் எங்களுக்கு அது சலித்துவிட்டது.

“நமக்கு எதுக்கு மச்சான் கப்பலு?” என்றான் கூட்டாளி. “நம்ம தாத்தன் வந்த கப்பலோட சரி.”

கப்பலை எடுத்துவிட்டுப் பால்மரக் காட்டை, அதாவது ரப்பர்த் தோட்டத்தை, வைத்தோம். திரையின் அடியில் ஒரு நிரை மரங்கள். மரத்துக்கு ஒரு மங்கு, அதுதான் பால் வடிகிற கோப்பை. வாளியோடு ஓர் ஆள் நிரை நெடுக ஓடி, ஒவ்வொரு மங்காக எடுத்து ஊற்றிக்கொண்டு வர வேண்டும். கற்கள் விழுந்த இடத்தில் இப்போது மழை, சின்னச் சின்ன நட்சத்திரக் குறிகளாக இறங்கியது. துளி மங்கில் விழுந்தால் அந்த மரத்துப் பால் போயிற்று. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பால் எடுக்குமுன் மழை பிடித்துக்கொண்டால், விடியுமுன் எழுந்து வெட்டிய பாடெல்லாம் தண்ணீரில். கூட்டாளியின் அம்மா ஒரு தடவை வந்து பார்த்தவர், பொம்மை மழையைக் கண்டே “அய்யோ, ஓடுறா ஓடுறா!” என்று கத்திவிட்டார்.

செய்தி பரவியது. சாப்பாட்டுக் கடைக்காரர் வந்தார், மூலைத் தையல்கடைக்காரர் வந்தார், டிவி கொண்டுவந்தவர்கள் டிவியை மறந்துவிட்டு இதில் உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றை மாற்றச் சொன்னார்கள். ஒருவருக்கு மழை வேகம் போதாது, ஒருவருக்கு அதிகம். ஒருவருக்கு மரம் கூட வேண்டும், ஒருவருக்குப் பொத்தான்கள் தோதாக இல்லை. எல்லாவற்றையும் மாற்றலாம்தான். ஆனால் ஆட்டத்தை நிறுத்தி, நிரலைத் திரையில் வரவழைத்து, சரியான வரியைக் கண்டுபிடித்துத் திரும்பத் தட்ட வேண்டும். கூட்டாளிக்கு அது சுண்டைக்காய். மற்றவர்களுக்கு?

சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருநாள், “நீ தள்ளு, நான் பாத்துக்கிறேன்” என்று உட்கார்ந்தார். வரியின் எண்ணைத் தட்டினார். அதற்குப் பிறகு என்ன தட்டுவது என்று மறந்துபோய், பெரிய பொத்தானை அழுத்திவிட்டார். எண்ணை மட்டும் கொடுத்து அழுத்தினால் அந்த வரியையே அழித்துவிடும் குணம் அந்த இயந்திரத்துக்கு. ஆட்டத்தை ஓட்டிப் பார்த்தால் மழை இருக்கிறது, ஆள் இருக்கிறார், வாளி இருக்கிறது. மரம் ஒன்றுகூட இல்லை.

“அலாமா! ஒரு வினாடியில தோட்டத்தையே வெட்டிச் சாய்ச்சிட்டேன்டா” என்றார். “எந்த தொரையும் இவ்வளவு வெரசா வித்திருக்க மாட்டான்.”

அந்தக் காலத்தில் அது வெறும் சிரிப்பு இல்லை. சுற்றிலும் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்றுப்போய்க்கொண்டிருந்தன. செமோர்ப் பக்கத்தில் இருந்த கூட்டாளியின் தோட்டமும் அப்படிப் போனதுதான். பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது, கோயில் மட்டும் மிச்சம். வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் எங்கெங்கிருந்தோ அங்கே வந்து கூடுவார்கள். அந்த வருடம் விளையாட்டைத் திருவிழாவுக்குக் கொண்டுபோய்க் கோயில் கொட்டகையில் வைப்பதென்று கூட்டாளி முடிவு செய்தான்.

அக்காவும் அதே தோட்டம். கூட்டாளியின் குடும்பம் அவன் சிறுவனாக இருந்தபோதே ஈப்போவுக்கு வந்துவிட்டதால், அவனுக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது. நல்ல பால்வெட்டுக்காரி என்று மட்டும் கேள்வி. பட்டையைச் சீவினால் இலை போல மெல்லிசாக விழுமாம், ஸ்டோரில் பால் நிறுக்கும்போது முதல் வாளி பெரும்பாலும் அவருடையதுதானாம். பிறகு ஒரு காலை வெட்டுக்கத்தி வழுக்கி, வலது உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. இரண்டு விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை. திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போவார். ஆனால் சமையல் கொட்டகையில் காய்கறியோடு உட்கார்ந்துவிட்டு, சாப்பாடு முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்.

“இந்தத் தடவ ஒரு நிர எடுத்துக் காட்டணும் தம்பி” என்று என்னிடம் சொன்னார். “ஒரே ஒரு நிர. முழுசா. அவங்க முன்னால. அப்புறம் போய் கத்திரிக்கா நறுக்குறேன்.”

எங்கள் ஆட்டத்தில் இடது பக்கம் ஓட இடது கை, வலது பக்கம் ஓட வலது கை. அக்காவின் வலது கை பொத்தானைத் தேடிப் போவதற்குள் நாலு மங்கில் தண்ணீர். மழை மெதுவாக வந்தால் அவரால் முடியும். நாங்கள் மாற்றிக் கொடுத்தால் முடியும்தான், அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் கூட்டாளி குனிந்து தட்டிவிட்டு, “இப்ப ஆடுங்கக்கா, கொறச்சிட்டேன்” என்று சொல்கிற காட்சி அவர் கண்முன் நின்றது. அதனால்தான் அந்தப் பேச்சு. நானே மாத்திக்கணும் லா.

சரி என்று இறங்கினேன். ஆட்டம் தொடங்குமுன் திரை ஒரு கேள்வி கேட்கும்படி செய்தேன். மழையின் வேகம் என்ன, ஓர் எண் கொடு. அவ்வளவுதான். நிரலைத் திறக்க வேண்டாம், வரியைத் தேட வேண்டாம். எனக்கு ஒரே பெருமை. அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் இடது கைவிரலால் நிதானமாக 5 என்று தட்டினார். கொஞ்சம் மழை போதும் அல்லவா, கொஞ்சத்துக்கு அஞ்சு.

மழை ‘சட்’டென்று இறங்கி முடிந்துவிட்டது. அக்காவின் விரல் இன்னும் ஐந்தின் மேலேயே இருந்தது.

நடந்தது இதுதான். மழை ஒரு படி இறங்கியதும் இயந்திரம் சும்மா எண்ணிக்கொண்டு நிற்கும், எண்ணி முடித்ததும் அடுத்த படி. நாங்கள் கேட்ட எண், எவ்வளவு நேரம் எண்ணிக்கொண்டு நிற்பது என்பதற்கு. பெரிய எண் கொடுத்தால் மெதுவான மழை, சின்ன எண் கொடுத்தால் வெள்ளம். எங்கள் இருவருக்கும் அது பழகிப்போயிருந்ததால் தலைகீழாக இருப்பதே தெரியவில்லை.

“கொஞ்சமா கேட்டா நெறையா குடுக்குது” என்றார் அக்கா. “இது எங்க பழைய கிராணி மாதிரி இல்லியே தம்பி. அவரு நெறையா கேட்டா கொஞ்சமா குடுப்பாரு.”

கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா. கூட்டாளியும் குமாஸ்தா என்பதால் அவனுக்கு அது கொஞ்சம் சுட்டது.

“எண்ணே வேணாம் மச்சான், பேரு வைப்போம்” என்றான். முதலில் அவனுக்கு இதில் அவ்வளவு இஷ்டம் இல்லை. “எல்லாரும் எல்லாத்தையும் மாத்திக்கிட்டா அப்புறம் கெட்டிக்காரன் யாரு, சோப்ளாங்கி யாரு? எப்படித் தெரியும்?” என்று முறுக்கிக்கொண்டிருந்தவன், பெயர் வைக்கிற வேலை என்றதும் உற்சாகமாகிவிட்டான். தோட்டத்து ஆட்கள் பார்க்கப் போகிறார்கள், தோட்டத்துப் பெயராகவே இருக்கட்டும் என்றான். பிய்த்துக்கொண்டு பெய்கிற மழைக்குக் ‘கங்காணி’ என்று பெயர். நடுத்தர மழைக்கு ‘வெட்டுக்காரர்’. தூறலுக்கு ‘வெளிக்காட்டு’. அந்த இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினோம். படித்துப் படித்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தேநீர் குடிக்க வந்த தவுக்கே, என்ன சிரிப்பு என்று கேட்டார். விளக்கினோம். அவர் சிரிக்கவில்லை. தோட்டத்தில் இருந்திராதவருக்கு அது புரியாதுதான்.

இந்தச் சிரிப்பு எதற்கு என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு ஒரு நடை உண்டு, ஒரு நிமிர்வு உண்டு. புல் வெட்டுவது, மருந்து அடிப்பது, வடிகால் கான் வாருவது எல்லாம் வெளிக்காட்டு வேலை. வயதானவர்களும் முடியாதவர்களும் அங்கே போவார்கள். அதுவும் முதுகை ஒடிக்கிற வேலைதான், சொல்லப்போனால் வெயிலில் அதுதான் கடினம். ஆனால் கைச்சுத்தமாய் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரை, ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி ஒருநாள் காலைப் பெரட்டில், அதாவது எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, “நீ இனிமே வெளிக்காட்டுக்குப் போ” என்று சொன்னால் அந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

மறுநாள் அக்கா வந்தார். திரையில் மூன்று பெயர்கள். அவர் பஸ் பலகை படித்துக் கற்ற ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கங்காணி படித்துச் சிரித்தார். வெட்டுக்காரர் படித்தார். மூன்றாவதைக் கூட்டினார்.

“கடைசி உங்களுதுக்கா” என்றான் கூட்டாளி. “அமுக்குங்க, சென்னாங், ரொம்ப சுளுவா இருக்கும்.”

அக்கா அமுக்கவில்லை. “அடுப்புல வேல கெடக்கு, வாரேன்” என்று தட்டை எடுத்துக்கொண்டு போனார். குடிக்காத ஒரு கோப்பைத் தேநீர் தட்டிலேயே திரும்பிப் போயிற்று.

அதற்கடுத்த நாள் தேநீரைக் கொண்டுவந்தது சாப்பாட்டுக் கடைக்காரரே. வியர்த்து விறுவிறுத்து வந்தவர், கோப்பைகளைத் ‘தொப்’பென்று வைத்தார்.

“என்னாடா சொன்னீங்க அந்த அம்மாகிட்ட? எதிர்க்கடைக்கு நான் போகமாட்டேன்னு கோப்பை மேல ஆத்திரத்த காட்டுது. ரெண்டு ஒடஞ்சி போச்சு.”

நடந்ததைச் சொன்னோம். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “கையி வெட்டுப்பட்டதும் அந்தத் தோட்டத்துல அத வெளிக்காட்டுக்குத்தான் போட்டாங்க, தெரியாதா ஒங்களுக்கு? மருந்து டின்ன முதுகுல சொமந்துக்கிட்டு, தான் வெட்டுன மரத்துக்கு அடியிலேயே புல்லுக்கு மருந்தடிச்சிச்சாம். என்கிட்ட வேல கேட்டு வந்தப்ப சொல்லிச்சு.”

கூட்டாளியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அவன்தான் முதலில் எழுந்தான். “வா மச்சான், போலாம்.”

சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம், குழாயடியில் அக்கா குந்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் கழுவின கோப்பையையே திரும்பக் கழுவினார். கூட்டாளி, “தெரியாம வச்சிட்டோம்க்கா” என்று தொடங்கினான்.

“வெளிக்காட்டு வேல கேவலம்னு நான் சொல்லல” என்றார் அக்கா, எங்களைப் பார்க்காமல். “அதுல சோறு தின்னவதான் நானு. ஆனா தம்பி, நான் மழையத்தானே கொறைக்கச் சொன்னேன்? நீங்க என்னையே கொறைச்சிட்டீங்களே.”

நான் சேர்த்து வைத்த பேச்சுகளில் இதற்கு மேலே ஒன்றை வைக்க எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்றைக்கே எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டோம். கங்காணியும் போனார், வெட்டுக்காரரும் போனார். அப்படியானால் திரையில் என்ன வைப்பது? எண் வைத்தால் குழப்பம், பெயர் வைத்தால் மனக்கசப்பு. கூட்டாளி நகத்தைக் கடித்துக்கொண்டு நடந்தான். பிறகு, “மழைய கேட்டாங்கன்னா மழையையே காட்டுவோம்” என்றான். ஆட்டம் தொடங்குமுன் திரையில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை, மழை மட்டும் பெய்துகொண்டிருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் குறையும், பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் கூடும். கண்ணுக்குப் பிடித்த மழை வந்ததும் நீளப் பொத்தானைத் தட்டினால் ஆட்டம் தொடங்கும். எந்தப் பொத்தானில் ஓடுவது என்பதையும் இதே மாதிரி ஆக்கினோம். திரையில் ஆள் இடது பக்கம் ஓடிக் காட்டுவார், உங்களுக்குத் தோதான பொத்தானை அழுத்த வேண்டும். வலது பக்கம் ஓடிக் காட்டுவார், இன்னொன்றை அழுத்த வேண்டும். தப்பாக எதை அழுத்தினாலும் ஒன்றும் அழியாது. அதைச் சோதிக்கச் சாப்பாட்டுக் கடைக்காரரைக் கூட்டிவந்தோம். அவர் முழங்கையால்கூட அழுத்திப் பார்த்தார். மரங்கள் நின்றன. “இப்ப இது நானே வெட்டினாலும் சாயாத தோட்டம்” என்று அவரே தன்னைக் கேலி பண்ணிக்கொண்டு போனார்.

அக்கா பார்க்க வரவில்லை. தேநீர் கொண்டுவந்தார், வைத்தார், போனார். திருவிழாவுக்கு வருவாரா, வந்தால் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்ப்பாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

திருவிழா அன்று பூசை முடிந்து, சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. கொட்டகையில் டிவியைச் சுற்றி ஒரே நெரிசல். நாங்கள் எதிர்பார்த்தது இளவட்டங்களை. வந்து மொய்த்தது அவர்களுடைய அப்பா அம்மாக்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் ஆட, பின்னால் பத்துப் பேர் கங்காணி வேலை பார்த்தார்கள். “அந்த மங்க விட்டுட்டான் பாரு!” “கோணல் மரத்த எடு முதல்ல!” “ஒரு நாளும் நீ ஒழுங்கா எடுத்ததில்ல, இதுலயுமா?” கூட்டாளியும் நானும் எதையும் தொடாமல் கதவோரம் நின்றோம். யாரும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. மழையைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், திட்டினார்கள், திரும்ப ஆடினார்கள்.

அப்போது சமையல் பக்கத்திலிருந்து அக்கா வந்தார். சேலை முழுக்க மஞ்சள் கறை. வரிசையில் நின்றார். முறை வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்தார். எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. திரையில் மழை, அவருக்கு முன்னால் ஆடியவர் விட்டுப்போன பெருமழை, கொட்டிக்கொண்டிருந்தது. ஆள் ஓடிக் காட்டியபோது இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் இடது கைக்கு எட்டுகிற பொத்தான்களையே அமுக்கி வைத்துக்கொண்டார். பிறகு மழையைக் குறைக்கும் பொத்தானை அழுத்தத் தொடங்கினார். ஒன்று. இன்னொன்று. மழை மெலிந்துகொண்டே வந்தது. கொட்டகையில் பேச்சும் மெலிந்தது. எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவரோடு பக்கத்து நிரையில் வெட்டியவராம், இப்போது தாப்பாவில் லாரி ஓட்டுகிறவர். “என்னா புள்ள இது? மழைக்குக் கால் ஒடஞ்சி போச்சா? நொண்டி நொண்டி வருது!”

நாலைந்து பேர் சிரித்தார்கள். கூட்டாளி என் கையைப் பிடித்தான்.

“ஒனக்குக் கொட்டுற மழை வேணும்னா ஒன் நிரையில கொட்டிக்க” என்றார் அக்கா, திரும்பாமல். “மழை வருதுன்னு சொன்னாலே வாளியப் போட்டுட்டு ஓடுற ஆளுதானே நீ.”

கொட்டகையே இடிகிற மாதிரி சிரித்தது. லாரிக்காரரின் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிது. “ஆமா, அது உண்ம” என்று அவரே ஒத்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் அக்கா குறைக்கும் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார். திரையில் மழை இன்னும் ஒரு படி மெலிந்தது. அதைக் கொஞ்ச நேரம், அவசரமே இல்லாமல், பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, நீளப் பொத்தானைத் தட்டி, முதல் மரத்துக்கு ஓடினார்.